சுற்றவாளி

கோட்டைக்கு வெளியே, கடலைப் பார்த்த மண்டபத்தில்
மூன்று நாள் பயிற்சி.
தண்ணீர்ப் போத்தல், பென்சில், பெயர் அட்டை.
நாகப்பட்டினத்திலிருந்து ஒரு நடுவர்,
மாலேயிலிருந்து வழக்குத்தொடுநர் இருவர்,
கேகாலையிலிருந்து அரச சட்டவாதி திலினி ஹேவாவசம்.
இடையில் நான்,
இருபத்திரண்டு வருடமாகத் திருகோணமலை நீதிமன்றத்தில்
மற்றவர்களுடைய வாய்.

கடலில் கோடு இல்லை என்று யாரோ தொடங்கினார்.
எல்லாக் கருத்தரங்கிலும் யாரோ சொல்வதுதான்.
ஜிபிஎஸ்ஸில் இருக்கிறது என்றார் மாலேக்காரர்.

முதல் நாள் சொற்கள்.
எங்கள் நீதவான் அவர்களுக்கு நடுவர்.
நடுவர் என்றால் இங்கே விசில் ஊதுகிறவர் என்றேன்,
மெய்ஞானமூர்த்தி ஐயா ஊதியே காட்டினார்.
எங்கள் பிணை அங்கே ஜாமீன்.
சத்தியக்கடதாசியை இரண்டு தரம் வாசித்து
கடதாசிகூடச் சத்தியம் பண்ணுமா என்றார்.
விளக்கமறியலில் அப்படியே நின்றுவிட்டார்.
"மறியல்னா எங்களுக்கு ரோட்டை மறிக்கிறதும்மா.
விளக்கம் சொல்லிட்டு மறிக்கிறதா?"
ஒரே பாஷைக்குள் இவ்வளவு சுங்கமா என்று
திலினி சிங்களத்தில் முணுமுணுத்ததை
நான் மொழிபெயர்க்கவில்லை.

தேநீர் நேரம், புள்ளிமான் ஒன்று உள்ளே வந்து
சொற்பட்டியலின் இரண்டு பக்கத்தைத் தின்றது.
உயிரெழுத்துப் பக்கங்கள்.
எல்லோரும் படம் எடுத்தார்கள்.

இரண்டாம் நாள் பத்தே காலுக்கு
ஐயா கையை உயர்த்தினார்.
"சுற்றவாளின்னா?"
குற்றவாளிக்கு எதிர்ச்சொல் ஐயா.
"குற்றமற்றவரா?"
ஓம்.
"நான் ஊரைச் சுத்துறவன்னு நினைச்சேன்."
மண்டபம் சிரித்தது.
எனக்கு மட்டும் மின்விசிறிச் சத்தம் கேட்டது.
அங்கே இருந்தது ஏசி.

விசிறி பழைய நீதிமன்றத்தில்.
பதினாலு வருடத்துக்கு முந்திய புதன்கிழமை.
கூண்டில் அக்கரைப்பேட்டைப் பெடியன்,
விசைப்படகில் சோறாக்குகிறவன்,
உடம்பெல்லாம் டீசல் மணம்.
நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?
நீதவான் சிங்களத்தில் கேட்டதை
நான் தமிழில் கேட்டேன். நல்ல தமிழில்.
அவன் என்னைத்தான் பார்த்தான்.
"சுத்துனதுதாங்க.
காத்துதாங்க சுத்த வச்சுச்சு."

பதிவேட்டில் இரண்டே சொல்லுக்குத்தான் இடம்.
வெரதிகரு. நிவெரதிகரு.
ஒரு 'நி' வித்தியாசம்.
தமிழிலும் ஓரெழுத்துத்தான்.
நீதவான் பேனாவைத் தூக்கிவிட்டார்,
பின்னால் முப்பத்தொரு வழக்கு,
நான் காற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அவனுக்கு விளங்கவில்லை என்று
எனக்கு விளங்கியது.

ஒப்புக்கொள்கிறார் என்றேன்.

ஆறு மாதம், ஒத்திவைத்த சிறை.
படகு அரசுடைமை.
இறங்கிப் போகும்போது
நன்றிங்கம்மா என்றான்.

மூன்றாம் நாள் மாதிரி வழக்கு.
யாரும் எதிரியாக நிற்க விரும்பவில்லை,
அந்தச் சொல்லுக்குப் பகைவன் என்று பொருளில்லை என
அடிக்குறிப்பு எழுதியவள் நான்,
நானே நின்றேன்.
இரண்டு இரவு பாடமாக்கிய தமிழில்
ஒரு மெய்யெழுத்தும் சறுக்காமல்
திலினி கேட்டாள்:
நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?

பயிற்சித்தாளில் என் பதில் ஒற்றைச் சொல்.
தடித்த எழுத்தில் இருந்தது.

சுத்துனதுதாங்க என்றேன்.
காத்துதாங்க சுத்த வச்சுச்சு.

மெய்ஞானமூர்த்தி ஐயா நிமிர்ந்தார்.
அந்தக் கரைத் தமிழ் அவருக்குத் தெரியும்.
மாலேக்காரர் காதுக்கருவியைத் தட்டிப் பார்த்தார்,
பழுதென்று நினைத்திருப்பார்.
திலினி தாளைப் புரட்டினாள்,
பின்பக்கத்தையும் பார்த்தாள்.
"இதற்கு நான் என்ன எழுத?"

அவன் சொன்னதை எழுதுங்கோ.

"எவன்?" என்றாள்,
பேனாவை மூடாமல்.